நிரப்பின வளவு, சாயிற மதில், அம்மாட பூப்பாத்தி: என்ன செய்யலாம்?

வாவிக்கரையான் (நாவற்குடா)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேணும், கொஞ்சம் நீட்டாத்தான் எழுதுறன்.

எங்கட வளவு மட்டக்களப்பு வாவிப் பக்கம் போற ஒழுங்கையில, இருபது பேர்ச். பள்ளக் காணி, 2011 ஜனவரி வெள்ளத்துல முழங்காலளவு தண்ணி நிண்டது. அதால வீடு கட்டக்குள்ள அப்பா கிறவல் மண் பறிச்சு வளவ மூண்டடி உயத்தினவர், பழைய மதில மட்டும் அப்படியே விட்டுட்டார். நாலிஞ்சிக் கல்லு, பத்தடிக்கு ஒரு தூண், நீளம் அறுபதடி. வெளியால நிண்டு பாத்தா அஞ்சடி மதில், உள்ளுக்க ரெண்டடிதான் தெரியும். போன மாரி முடிஞ்சு பாத்தா நடுவுல வயிறு தள்ளின மாதிரி வெளிப்பக்கம் சாஞ்சு கெடக்கு. கீழயிருந்து ரெண்டாவது வரிசையில நீட்டுக்கு வெடிப்பு, பத்து ரூவாக் குத்தி உள்ளுக்குப் போகுது. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தன், அஞ்சடிக்கு ரெண்டரை இஞ்சி வெளிய நிக்கிது.

வந்து பாத்த மேசன் ஒராள், வெடிப்ப வெட்டி சாந்து வெச்சு நல்லாப் பூசினாச் சரி, வேணுமெண்டா மேல இன்னும் ரெண்டு வரிசை வைக்கலாம் எண்டார். அம்மாவுக்கு அந்த மதிலோட ஒட்டி அறுபதடிக்கும் பூப்பாத்தி கட்டி இக்ஸோராவும் செவ்வரத்தையும் வைக்க ஆசை. மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி ஒராள்ற வளவு, சரியா வயிறு தள்ளின இடத்துக்கு கீழதான் அவவோட கோழிக்கூடு. பேரப்பிள்ளையள் முட்டை எடுக்க அதுக்குள்ள போய் வாறதுகள், எனக்கு அதுதான் நித்திர வராத கவல. பூசினாப் போதுமா?

மேசன்மகன் (செங்கலடி)

தம்பி, பூச வேணாம். முதல்ல மாமியிட்டச் சொல்லி அந்தக் கூட்ட வேற பக்கம் எடுக்கச் சொல்லுங்க, பிள்ளையள அந்தப் பக்கம் விட வேணாம், மிச்சத்த மறுகா கதைப்பம்.

நான் சின்ன வயசுலயிருந்து அப்பாவோட கல்லு வெச்சவன். உங்கட கத எங்கட மாவட்டத்துல தெருவுக்குத் தெரு இரிக்கு. மதில் எண்டது எல்லைக்குக் கட்டுறது, அதுக்கு காத்தத் தாங்குற பெலன் மட்டுந்தான். வெள்ளத்துக்குப் பயந்து வளவ நிரப்பின அண்டைக்கே அந்த மதில் மண் தாங்குற சுவரா மாறிட்டு, ஆனா அத்திவாரமும் தடிப்பும் பழைய மதிலுக்குப் போட்டதுதான். பூசினா வெடிப்பு மறையும், தள்ளுற மண் அங்கதான் நிக்கும். மேல ரெண்டு வரிசை ஏத்தினா சாஞ்ச சுவருக்கு தலைப்பாரம் கூடும், அதச் செய்யவே வேணாம்.

வெடிப்பு கீழயிருந்து ரெண்டாவது வரிசையில எண்டு சொன்னீங்க, அதுலயே விசயம் தெரியிது. மண்ணுட தள்ளல் அடியிலதான் கூட, அடிப் பக்கம் சாந்து விட்டுட்டு.

கல்முனைக் காக்கா

எங்கட வாப்பாட கடை வளவுலயும் இதே பிரச்சின வந்த. நாங்க எட்டடிக்கு ஒரு கொங்கிறீட் தூண் புதுசா இறக்கி மேலயும் கீழயும் பீம் போட்டு இறுக்கின நாங்க. அல்ஹம்துலில்லாஹ், இப்ப ஏழு வருசம், அசையல்ல. உடைச்சிக் கட்டுறதுக்கு முதல் தூண் போட்டுப் பாருங்க தம்பி, செலவும் குறைவு.

மேசன்மகன் (செங்கலடி)

காக்கா, உங்கட வளவுல எவ்வளவு உயரம் நிரப்பியிருந்தீங்க?

கல்முனைக் காக்கா

ஒண்டேகால் அடி வரும். பின்பக்கம் முழுக்க கடல் மணல்.

மேசன்மகன் (செங்கலடி)

அதுதான் காக்கா வித்தியாசம். ஒண்டேகால் அடிக்கும் மூண்டடிக்கும் இடையில ஒண்டேமுக்கால் அடிதான் எண்டு தோணும், ஆனா தள்ளல் அப்படிக் கூடுறல்ல. ஆராவது கணக்குத் தெரிஞ்சவங்க சொன்னா நல்லம்.

ரிட்டயர் ரீஓ (களுவாஞ்சிகுடி)

நான் சொல்றன். ரீஓ எண்டா தொழில்நுட்ப உத்தியோகத்தர், கட்டட வேலையில முப்பது வருசம் நிண்டவன், இதுல எனக்கு மனவருத்தம் நிறைய இரிக்கு, விழுந்து கெடக்குற மதில்கள எவ்வளவோ பாத்திட்டன்.

மண்ணுட தள்ளல் உயரத்துட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிக் கூடும். உயரம் ரெண்டு மடங்கானா தள்ளல் நாலு மடங்கு. அந்தத் தள்ளல் அடியிலயிருந்து மூண்டில் ஒரு பங்கு உயரத்துல பிடிக்கிறதால சுவரக் கவுக்கிற பெலன் எட்டு மடங்கு. காக்காட ஒண்டேகால் அடியோட தம்பிட மூண்டடிய வெச்சுப் பாத்தா, கவுக்கிற பெலன் பதிமூண்டு பதினாலு மடங்கு வரும். அதனால அவருக்குச் சரிவந்தது இவருக்குச் சரிவராது.

இப்ப தண்ணிக்கு வாறன், இதுதான் முக்கியம். காஞ்ச மண் தன்னுட பாரத்துல மூண்டில் ஒரு பங்கு அளவுதான் பக்கவாட்டுல தள்ளும், மணியும் மணியும் உரசி மிச்சத்தப் பிடிச்சிக்கொள்ளும். தண்ணிக்கு அந்த உரசல் இல்ல, தன்னுட முழுப் பாரத்தையும் பக்கத்தால தள்ளும். தம்பிட மதிலுக்கு நான் போட்டுப் பாத்தன், மூண்டடி மண், அறுபதடி நீளம். வடிஞ்ச மண்ணா இருந்தா முழுச் சுவருக்கும் நாலரை டொன் அளவு. அதே மண் மாரியில தண்ணி ஊறி மேல்மட்டம் வரைக்கும் நிண்டா பத்து டொன்னுக்குக் கிட்டப் போகும். ரெண்டு மடங்குக்கு மேல. ஒரு கல்லும் கூட வைக்கல்ல, ஒரு கூடை மண்ணும் கூடப் போடல்ல, மழை மட்டுந்தான் பெஞ்ச. உங்கட மதில் கோடையில நிண்டு மாரியில சாஞ்சது அதாலதான்.

நாலிஞ்சி மதில் தன்ட பாரத்தால அந்த நாலரை டொன்னையே தாங்காது. இவ்வளவு நாளும் சாந்துப் பிடியும் தூணும் பிடிச்சிக்கொண்டு நிண்டிருக்கு, அது இப்ப விட்டுட்டு. அடுத்த வாடை மழைக்கு முதல் ஏதும் செய்யணும். இப்ப ஓகஸ்ட், ஒக்டோபர் கடைசிக்குள்ள முடியணும்.

வாவிக்கரையான்

ஐயா மிச்சம் நன்றி, இப்பதான் விளங்கிச்சு. மாமியோட கதைச்சன், கூட்ட எடுத்துட்டா. அப்ப மதிலுல துளை அடிச்சு பைப் வெச்சா தண்ணி போயிருமே, அது போதாதா?

ரிட்டயர் ரீஓ (களுவாஞ்சிகுடி)

தண்ணி எங்க போகும்? மாமிட வளவுக்குள்ள. நீங்க நிரப்பி உயத்தினதால அவவுட வளவு ஏற்கெனவே பள்ளமாப் போயிட்டு, அதுக்குள்ள உங்கட தண்ணியையும் விட்டா பிரதேச செயலகம் வரைக்கும் முறைப்பாடு போகும், அதுல நியாயமும் அவங்க பக்கந்தான் இரிக்கும். சாஞ்ச சுவருல துளை அடிக்கிற அதிர்ச்சியும் கூடாது.

படுவான்கரைப் பொடியன் (கொக்கட்டிச்சோலை)

அண்ண ஒரு கேள்வி, உள்ளுக்க இரிக்கிறது முழுக்க கிறவல்தானா? எங்கட பக்கத்தால வயல் மண் ஏத்திப் போய் நிரப்புறாங்க, மலிவு எண்டு. அது களி. மழைக்கு ஊதும், கோடைக்கு சுருங்கி வெடிக்கும், தண்ணியையும் கீழ விடாது. சுவருக்குப் பின்னால களி இருந்தா எந்தப் பைப் வெச்சும் வேலையில்ல. ஒரு இடத்துல கிண்டிப் பாருங்க.

வாவிக்கரையான்

கிண்டிப் பாத்தன். மேல ஒரு அடி கிறவல். கீழ கறுப்புக் களி, உடைச்ச ஓடு, சீமெந்துப் பெக் பொலித்தீன், தென்னங் குத்தி. மண்வெட்டியில ஒட்டிக்கொண்டு வருது, கையில உருட்டினா உருண்டை பிடிக்கிது. ரெண்டடியில ஓகஸ்ட் மாதத்துலயே ஈரம். அப்பாவுக்கு மண் தந்த ஆக்கள் கிறவல் எண்டுதான் காசு வாங்கினவங்க. அப்பா இப்ப இல்ல, அவர் கஷ்டப்பட்டுச் சேத்த காசு, அந்தக் கிடங்குக்குள்ள பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள நெஞ்சு பாரமாப் போச்சுது.

மேசன்மகன் (செங்கலடி)

கவலப்படாதீங்க தம்பி, எல்லா வளவுலயும் இதுதான் நடக்கிற.

நான் ரெண்டு நாளா யோசிச்சன், ஒரு வழி சொல்றன், ஐயாவும் பாத்துச் சொல்லட்டும். அந்த மதில மண் தாங்குற வேலையிலயிருந்து கழட்டி விடுங்க. மதிலோட நிக்கிற மண்ண எடுத்து பழைய தரைமட்டம் வரைக்கும் இறக்குங்க. மதிலுக்கும் புதுச் சுவருக்கும் இடையில ரெண்டடி ஓடை மாதிரி விடுங்க. அதுக்கு உள்பக்கமா ஒண்டரை அடி உயரத்துல கருங்கல்லுச் சுவர் ஒண்டு, அதுக்குப் பின்னால மூண்டடி அகலத்துக்கு பூப்பாத்தி, மறுகா இன்னொரு ஒண்டரை அடிச் சுவர், அதுக்கு மேல உங்கட முற்றம். மூண்டடிய ரெண்டு படியாப் பிரிக்கிறது. அம்மாவுக்கு அறுபதடிப் பூப்பாத்தியும் வருது. புதுச் சுவர்ல தண்ணி வடிய வைக்கிற துளையால வாற தண்ணி உங்கட ஓடையிலதான் விழும், மாமிட வளவுக்குப் போகாது. மதில் மறுகா வெறும் மதிலாயிரும், சாஞ்ச துண்ட மட்டும் இறக்கிக் கட்டினாப் போதும்.

ரிட்டயர் ரீஓ (களுவாஞ்சிகுடி)

மிச்சம் நல்ல யோசன. ரெண்டு படிக்கும் இடையில கீழ்ச் சுவருட உயரத்துல ரெண்டு மடங்காவது தள்ளி மேல்ச் சுவர் இருக்கணும், இல்லாட்டி மேல்ச் சுவருட பாரம் கீழ்ச் சுவர்ல ஏறும், ரெண்டும் ஒரே மூண்டடிச் சுவர் மாதிரித்தான் வேலை செய்யும். ஒண்டரை அடிக்கு மூண்டடி தள்ளியிருக்கு, சரி.

அளவு: தரைக்குக் கீழ ஒரு அடி, மேல ஒண்டரை, மொத்தம் ரெண்டரை அடி. அடி அகலம் ஒண்டரை அடி, மேல ஒரு அடி. கருங்கல்லுச் சுவருக்கு அடி அகலம் மொத்த உயரத்துல பாதிக்கு மேல இரிக்கணும், இது அதுக்குள்ள வருது. வெளிமுகத்த மண் பக்கம் கொஞ்சம் சரிச்சு வைங்க. சாந்து ஒரு பங்கு சீமெந்துக்கு அஞ்சு பங்கு மணல். அறுபதடிக்கு ஒரு சுவருக்கு ரெண்டு கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) கல்லுக்குக் கொஞ்சம் குறைய வரும், ரெண்டுக்கும் நாலு, சேதாரம் பாத்து அஞ்சு கியூப் இறக்குங்க. நாலடிக்கு மேல மண் தாங்குற சுவர் கட்டுற ஆக்கள் இந்த அளவப் பாத்துக் கட்ட வேணாம், ஒரு இஞ்சினியரக் கூட்டி வந்து மண்ணக் காட்டுங்க.

இன்னொண்டு, வாவியில இருந்து எவ்வளவு தூரம்? கரையோர வலயம் எண்டது கடல்ல இருந்து உள்ளுக்கு 300 மீற்றர், கடலோட தொடுக்கிற வாவிக் கரையையும் அது பிடிக்கும். வேலை தொடங்க முதல் மாநகர சபையிலயும் கரையோரம் பேணல் திணைக்களத்துலயும் ஒருக்காக் கேளுங்க.

வாவிக்கரையான்

கேட்டுட்டு வந்து சொல்றன் ஐயா. எட்டடி இடம் போகுதெண்டு தம்பிக்கு விருப்பமில்ல, மோட்டச்சைக்கிள் நிப்பாட்டுற இடம் குறையும் எண்டுறான். அம்மா மட்டும் நூல் கட்டிப் பாத்திட்டு இப்பவே கண்டு எண்ணத் தொடங்கிட்டா.

செவ்வரத்தை (ஆரையம்பதி)

தம்பி அம்மாவுக்கு ஒரு சொல்லு சொல்லுங்க, இக்ஸோராவ புதுச் சீமெந்துச் சுவருக்குக் கிட்ட வைக்க வேணாம். நான் வெச்சு அழுதவ. வீட்டுக்கு முன்னால செங்கல்லுல பாத்தி கட்டி ஒம்பது கண்டு வாங்கி வெச்சன். ரெண்டு மாதத்துல குருத்து இலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, கோடு கீறின மாதிரி. பசளை போட்டன், தண்ணி ஊத்தினன், ஒண்டும் சரிவரல்ல. மறுகாதான் தெரியும், புதுச் சீமெந்துலயிருந்து சுண்ணாம்பு கசிஞ்சு மண்ணுக்குள்ள ஏறுது, சுண்ணாம்பு ஏறின மண்ணுல இக்ஸோராவால இரும்புச் சத்த எடுக்கேலாது. சுவர்ல இருந்து ஒண்டரை அடி தள்ளி வெச்ச கண்டு மட்டும் பச்சையா நிண்டது, அதப் பாத்துத்தான் நானே கண்டுபிடிச்சன்.

இப்ப நான் செய்யிறது, பாத்தி கட்டினதும் உள்பக்கம் தார்ப் பெயின்ற் ரெண்டு பூச்சு, அது காஞ்சதும் நாலஞ்சு தரம் தண்ணி நிரப்பி வடிய விடுறது. மறுகாதான் மண். எங்கட மணலுக்கு தண்ணி நிக்காது, வெறும் மணல்ல வெச்சா கச்சான் காத்து அடிக்கிற நாளையில காலம ஊத்தின தண்ணி மத்தியானத்துக்கு இல்ல. ரெண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு மக்கின மாட்டெரு, ஒரு பங்கு இலைக்குப்ப, கொஞ்சம் தும்புத்தூள். கோழியெரு பச்சையாப் போட வேணாம், வேர எரிக்கும். செவ்வரத்தை, நந்தியாவட்டை, குரோட்டன் எல்லாம் பிரச்சினையில்லாம வரும். போகன்வில்லாவ மேல்ப் படிட ஓரத்துல வைங்க, அதுக்கு வேர்ல தண்ணி நிண்டாப் பிடிக்காது, தொங்கிப் பூக்கக்குள்ள வடிவு சொல்லி வேலையில்ல. வேம்பு, முருங்கை ஒண்டும் பாத்திக்குள்ள வேணாம், வேர் கல்ல உடைக்கும்.

வீட்டுச் சுவரோட ஒட்டிப் பாத்தி கட்டுற ஆக்களுக்கும் ஒண்டு: மண் மட்டம் வீட்டு அத்திவாரத்து ஈரத்தடைக்கு ஆறு இஞ்சியாவது கீழ நிக்கணும். எங்கட அறைச் சுவர் உள்பக்கம் உப்புப் பூத்து பெயின்ற் உரிஞ்சு விழுந்தது அதாலதான், மாவு மாதிரிக் கையில வரும்.

கல்முனைக் காக்கா

உப்பு எண்டதும் ஞாபகம் வருது. கம்பி போட்டுக் கட்டுற ஆக்கள் கடல் மணல், வாவி மணல் தொட வேணாம். உப்பு கம்பியத் திண்டுடும், துரு பிடிச்ச கம்பி ஊதி கொங்கிறீட்டப் பிளக்கும். கிணத்துத் தண்ணி உவரா இருந்தா அதையும் கலவைக்கு எடுக்காதீங்க, குழாய்த் தண்ணி பிடிங்க. தம்பிட கருங்கல்லுச் சுவருக்குக் கம்பி இல்ல, எண்டாலும் ஆத்து மணல்தான் நல்லம். ரீஓ ஐயா, தூண் விசயத்துல நீங்க சொன்னது சரி, நான் உயரத்த யோசிக்கல்ல. எங்கட மதிலுக்குப் பின்னால மணல் எண்டதாலயும் தண்ணி வடிஞ்சு தப்பியிருக்கு போல.

வாவிக்கரையான்

அஞ்சு கிழமைக்குப் பிறகு வாறன். அனுமதி விசயம் கேட்டு முடிச்சுத்தான் தொடங்கினம். முதல்ல சாஞ்ச இருபதடித் துண்ட மேலயிருந்து ஒவ்வொரு கல்லா இறக்கினம், மறுகாதான் மண்ணத் தொட்டது. மதிலுட அத்திவாரத்தப் பாத்து வேலைக்கு வந்த மேசனண்ணனே தலையில கை வெச்சார், ஆறு இஞ்சி ஆழம், கீழ சல்லிக் கல்லு கூட இல்ல, மணலுக்கு மேல நேரா கல்லு வெச்சிருக்கு.

களி முழுக்க எடுத்தாச்சு, லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெஷின்ல இருபத்திமூண்டு பெட்டி. கீழ்ச் சுவர் முடிஞ்சுது, மேல்ச் சுவர் பாதியில நிக்கிது. அஞ்சடிக்கு ஒரு ரெண்டிஞ்சி பிவிசி பைப், வெளிய சரிவா. சுவருக்குப் பின்னால ஒரு அடி அகலத்துக்கு சல்லி போடச் சொல்லி வேலையாக்களோட கொஞ்சம் வாக்குவாதம், பைப் வாயில மட்டும் ரெண்டு சட்டி போட்டாப் போதும் எண்டாங்க. அப்படியே விடவா?

மேசன்மகன் (செங்கலடி)

விடாதீங்க. பைப்புக்குத் தண்ணி வந்து சேர வழி வேணும், அந்த வழிதான் சல்லி. கீழயிருந்து மேல வரைக்கும், அறுபதடிக்கும் போடுங்க, மேல ஆறு இஞ்சி மட்டும் மண்ணுக்கு விடுங்க. சல்லிக்கும் மண்ணுக்கும் இடையில ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணிய விட்டு மண்ணப் பிடிக்கிற துணி) விரிங்க, ரோட்டு வேலைக்குச் சாமான் விக்கிற கடையில கேட்டாத் தருவாங்க. துணி இல்லாட்டி ரெண்டு மாரியில மண் இறங்கி சல்லிய அடைச்சிரும், பைப் இருந்தும் ஒரு சொட்டு வராது.

சாந்து இறுக விடுங்க, ஏழு நாள் காலமையும் பின்னேரமும் சாக்குப் போட்டு நனைங்க, அதுக்குப் பிறகுதான் பின்னால நிரப்புறது. நிரப்பக்குள்ள ஆறு இஞ்சி ஆறு இஞ்சியாப் போட்டு கட்டையால இடிங்க. மண் கிண்டுற பெக்கோ மெஷின சுவருக்குக் கிட்ட விடவே வேணாம், கட்டி முடிஞ்ச கையோட மெஷின் ஏத்தி சுவர் போன வளவு ரெண்டு மூண்டு நானே பாத்திருக்கன்.

ரிட்டயர் ரீஓ (களுவாஞ்சிகுடி)

ஓடைக்கு சரிவு பாத்தீங்களா? நூறடிக்கு ஒரு அடியாவது வேணும், அறுபதடிக்கு ஏழு இஞ்சி. பைப் தண்ணி விழுற இடத்துல கல்லுப் பரப்புங்க, எங்கட மணல் தண்ணிக்கு அரிபட்டு அத்திவாரத்துக்குக் கீழ கிடங்கு விழும். ஓடையில தண்ணி தேங்கவும் கூடாது, மாரிக்குப் பிறகு டெங்கு நுளம்பு அதுலயும் முட்டை போடும்.

வாவிக்கரையான்

எல்லாரும் சொன்னபடியே செஞ்சு முடிச்சாச்சு. டியூப் லெவல் பிடிச்சுப் பாத்தன், ஒழுங்கை வடிகான் பக்கம் எட்டு இஞ்சி சரிவு. சாஞ்ச இருபதடி மதிலையும் புது அத்திவாரத்தோட கட்டியாச்சு. மாமி கோழிக்கூட்ட பழைய இடத்துக்கே கொண்டு வந்திட்டா, வேலையாக்களுக்கு ரெண்டு நாள் தேத்தண்ணியும் அவதான் தந்தா.

முந்தநாள் ராவு நல்ல மழை. விடிய ஆறு மணிக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு ஓடைக்குள்ள இறங்கினன். கீழ்ச் சுவர்ல பன்னெண்டு பைப், ஒம்பதுல தண்ணி வருது, விரல் தடிப்புக்கு. அம்மா மேல நிண்டு குடையோட எண்ணிக்கொண்டு நிண்டா. மூண்டுல வரல்ல, ஒழுங்கைப் பக்கத்துக் கடைசி மூண்டு. ஒம்பதுல ஒண்டுல மட்டும் தண்ணி கலங்கலா, தேத்தண்ணி நிறத்துல வருது, மத்ததெல்லாம் தெளிவு. ஏதும் பிழையா?

மேசன்மகன் (செங்கலடி)

வராத மூண்டுக்கும் பயப்பட வேணாம், தண்ணி அந்தப் பக்கம் இன்னும் ஊறி வரல்ல, ரெண்டு மூண்டு மழை போகட்டும்.

கலங்கல் பைப்பத்தான் பாக்கணும். முதல் மழைக்கு சல்லித் தூசி கழுவுப்பட்டு வாறது வழமை, அது அரைநாள்ல தெளியும். ஒரு வெள்ளைப் போத்தல்ல பிடிச்சு வைங்க, நாளைக்கும் அதே பைப்புல பிடிங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்து எழுதுங்க. நாளைக்கும் அதே நிறமெண்டா அந்த இடத்துல துணி விலகி மண் போகுது, மேல ரெண்டடிக்குத் திறந்து துணிய ஒரு அடி ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தி விரிச்சு மூடுங்க. கண்டு வைக்க முதல் செஞ்சிருங்க.

வாவிக்கரையான்

ரெண்டாம் போத்தல் இண்டைக்குக் காலம பிடிச்சன். அடியில ஒரு நூல் அளவு வண்டல் மட்டும், மேல தெளிவு. அம்மா செவ்வரத்தைக் கண்டு எடுத்துவர ஆரையம்பதிக்குப் போயிட்டா.